உங்கள் எம்.பி. எந்த மசோதாவின் பக்கம் நின்றார்?

2024 தேர்தலில் முதல் ஓட்டுப் போட்ட ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, அவர்கள் தொகுதி உறுப்பினர் எந்த மசோதாவைக் கொண்டுவந்தார், யார் மசோதாவில் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டார் என்பதையெல்லாம் போனிலேயே பார்க்கிறார். நம் எம்.பி.யைப் பற்றி அப்படிப் பார்க்க முடியுமா? ஒரு பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 'தனிநபர் மசோதா: 3' என்று இருந்தது. மூன்று என்றால் நல்லதா, குறைவா?"

முடியும் தம்பி. ஆனால் ஒரே பக்கத்தில் எல்லாம் கிடைக்காது. நம் நாடாளுமன்றம் நடக்கும் விதம் வேறு என்பதால், தேடும் விதமும் வேறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த 'மூன்று' என்ற எண்ணை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட்டால் தவறாகப் போய்விடும்.

முதலில் உங்கள் அக்கா பார்ப்பது என்ன என்று புரிந்துகொள்வோம். அமெரிக்க காங்கிரஸில் எந்த மசோதாவாக இருந்தாலும் ஒரு உறுப்பினர்தான் தாக்கல் செய்ய முடியும். அவர்தான் அதன் ஸ்பான்சர். அந்த மசோதா பிடித்திருக்கும் மற்ற உறுப்பினர்கள் கோ-ஸ்பான்சராகத் தங்கள் பெயரைச் சேர்க்கலாம். சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபால் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு கேட்டுக் கொண்டுவந்த மசோதாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பெயர் சேர்த்திருந்தார்கள். அது சட்டமாகவில்லை; ஆனாலும் யார் யார் அதன் பக்கம் நின்றார்கள் என்பது பெயர், தேதியோடு பதிவாகிவிட்டது.

நம்மிடம் அந்தக் கோ-ஸ்பான்சர் முறை கிடையாது. இங்கே இன்று சட்டமாகிற மசோதாக்கள் எல்லாமே அமைச்சர்கள் கொண்டுவருபவைதான். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும்கூட, தன் பெயரில் ஒரு மசோதா கொண்டுவரலாம். அதைத்தான் தனிநபர் மசோதா என்கிறோம். அதில் ஒரே ஒருவர் பெயர்தான் இருக்கும். ஆக, நீங்கள் கேட்பதில் இரண்டு பாதி இருக்கிறது. 'அவர் கொண்டுவந்தது எது' என்ற பாதி சுலபம். 'அவர் ஆதரித்தது எது' என்ற பாதியைத்தான் நான்கைந்து இடத்தில் தேடி எடுக்க வேண்டும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் பொதுவான அதிகாரபூர்வ இணையதளம் சன்சத் டாட் இன். அதில் உறுப்பினர் பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், தாக்கல் செய்த தனிநபர் மசோதாக்கள் எல்லாம் வரும். மசோதாவின் முழு வாசகமும் பி.டி.எஃப்.பாக இருக்கும். இதையே எளிமையாகத் தொகுத்துத் தருகிறது டெல்லியிலிருந்து இயங்கும் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு. வருகைப் பதிவு, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் என்று ஒவ்வொரு எம்.பி.க்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு. நீங்கள் பார்த்த 'மூன்று' அங்கிருந்தோ அதை எடுத்துப் போட்ட செய்தியிலிருந்தோ வந்திருக்கலாம்.

சரி, மூன்று என்றால் என்ன பொருள்? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2024 வரையிலான 17-வது மக்களவையில் 729 தனிநபர் மசோதாக்கள் தாக்கலாயின. அவற்றில் அவையில் விவாதத்துக்கு வந்தவை 2. சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். ஆனந்த் நாராயண் முல்லா கொண்டுவந்த, உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா அது.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் இதெல்லாம் வீண்வேலையா' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பதினான்கில் ஒன்றைப் பற்றிப் படித்த பிறகு மனம் மாறினேன். 1956-ல் ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தில் நடந்ததை உள்ளது உள்ளபடி, கெட்ட நோக்கமில்லாமல் வெளியிடும் பத்திரிகைமேல் வழக்குப் போட முடியாது என்றது அது. அதற்கு முன்பு, அவைக்குள் ஒரு உறுப்பினர் யாரைப் பற்றி எதைச் சொன்னாலும் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. அதை அச்சிட்ட பத்திரிகைக்குத்தான் இல்லை. மசோதா சட்டமானது. நெருக்கடி நிலையில், 1976-ல், அதை ரத்து செய்தார்கள். 1977-ல் அது திரும்ப வந்தது. அதன் பிறகு 44-வது திருத்தத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பு அரசியல் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. இன்று உங்கள் எம்.பி. அவையில் பேசியதை ஒரு நாளிதழ் பயமில்லாமல் போடுகிறது என்றால், அதற்கு அடித்தளம் போட்டது ஒரு தனி உறுப்பினரின் மசோதா. ஆகவே எண்ணிக்கை சிறியது என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

படிக்கும்போது கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அங்கே 'நோக்கங்களும் காரணங்களும்' என்று ஒரு குறிப்பு இருக்கும். எதற்காக இந்த மசோதா என்று உறுப்பினர் தன் பெயரில் சொல்லும் இடம் அது. அதைப் படித்தாலே உழைத்து எழுதியதா, பெயருக்குப் போட்டதா என்று ஓரளவு தெரிந்துவிடும். இருக்கும் சட்டத்தில் எந்தப் பிரிவை மாற்ற வேண்டும், யார் நடைமுறைப்படுத்துவார்கள், பணம் எங்கிருந்து வரும் என்றெல்லாம் யோசித்திருந்தால் அது உழைத்து எழுதியது. பணம் என்றதும் இன்னொன்றும் கவனியுங்கள். மத்திய அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு தேவைப்படும் மசோதாவாக இருந்தால், அரசியல் சட்டத்தின் 117-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது. குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய அரசு. நல்ல மசோதாக்கள் பல அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

அடுத்து, அந்த மூன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல், இரண்டரை மணி நேரம். அதுவும் ஒரு வாரம் மசோதா, மறு வாரம் தீர்மானம் என்று மாறி மாறி வரும். எந்த உறுப்பினருக்கு வாய்ப்பு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மக்களவையில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. அவசரம், முக்கியத்துவம் பார்த்து மசோதாக்களை இரண்டு வகையாகப் பிரிக்கும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பல உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். எனவே 'நிலுவையில்' என்று போட்டிருந்தால் அதை எம்.பி.யின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; குலுக்கலில் பெயர் வராமல் இருந்திருக்கலாம். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருந்தவை காலாவதி. கொண்டுவந்தவர் அமைச்சரானாலும், பதவிக்காலம் முடிந்து போனாலும், அவருடைய தனிநபர் மசோதா பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிடும்.

'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருந்தால்தான் நான் நின்று நிதானமாகப் பார்ப்பேன். பெரும்பாலும் நடப்பது இது: உறுப்பினர் பேசுவார், மற்ற கட்சியினரும் பேசுவார்கள், கடைசியில் அமைச்சர் எழுந்து 'உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறேன், அரசே இதைக் கவனிக்கிறது, மசோதாவைத் திரும்பப் பெறுங்கள்' என்பார். உறுப்பினரும் திரும்பப் பெற்றுவிடுவார். அந்த வாக்குறுதி பிறகு என்ன ஆனது என்று அவர் கேள்வி நேரத்தில் கேட்டாரா என்பதைத் தேடிப் பாருங்கள். ஒரு உறுப்பினரின் தொடர் அக்கறை அங்கேதான் தெரியும்.

அப்படித் திரும்பப் பெறச் சொல்லியும் மறுத்த ஒருவரைப் பற்றித் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் திருநர்களின் உரிமைகளை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மாநிலங்களவையில் திருச்சி சிவா ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். கல்வியிலும் வேலையிலும் 2 சதவீத இட ஒதுக்கீடு, தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் என்று விரிவாகக் கேட்டது அது. திருநங்கைகளுக்கு 2008-லேயே நல வாரியம் அமைத்த மாநிலத்திலிருந்து போன மசோதா. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, அது விவாதத்துக்கு வந்தது. சமூகநீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட், அரசே மசோதா கொண்டுவரும், திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சிவா சம்மதிக்கவில்லை, வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. அந்த நாளின் அவைக் குறிப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு அவையில் இப்படியும் நடக்கும் என்று காட்டும் பக்கங்கள் அவை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு மசோதாவை அதன் முடிவுவரை பின்தொடர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சிவாவின் மசோதா மக்களவைக்குப் போனது. அங்கே ஒடிசா எம்.பி. பைஜயந்த் பாண்டா அதை எடுத்து நடத்தினார். சட்டமாகவில்லை. 2016 ஆகஸ்டில் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அது ஒருமுறை காலாவதியாகி, மறுபடி கொண்டுவரப்பட்டு, 2019 நவம்பர் 26-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. இட ஒதுக்கீடு அதில் இல்லை. தனி நீதிமன்றங்களும் இல்லை. அதைத் தேர்வுக்குழுவுக்கு, அதாவது மசோதாவை ஆராயும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அதே சிவாதான், அது தோற்றது. இப்போது 'தனிநபர் மசோதா: 1' என்ற எண்ணை வைத்துக்கொண்டு இந்த ஐந்தாண்டு உழைப்பை எப்படி அளப்பீர்கள்? 2015-ல் ஆதரித்துப் பேசிய மற்ற கட்சி உறுப்பினர்கள் 2019-ல் என்ன செய்தார்கள் என்று இரண்டு நாட்களின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு ஈடான பாடம் வேறு எங்கும் கிடைக்காது.

தாக்கல் செய்வதே தோற்றுப்போவதும் உண்டு. வழக்கமாகத் தாக்கல் கட்டத்தில் யாரும் எதிர்க்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் சசி தரூர், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைத் திருத்த மசோதா கொண்டுவந்தபோது, தாக்கலுக்கே வாக்கெடுப்பு கேட்டார்கள். எதிராக 71, ஆதரவாக 24. அடுத்த ஆண்டு மார்ச்சில் மறுபடி முயன்றார், மறுபடி தோற்றார். 543 பேர் கொண்ட அவையில் அன்று ஓட்டுப் போட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. அந்த 24 பேரின் பட்டியல்தான், கோ-ஸ்பான்சர் முறை இல்லாத நம் நாட்டில், 'ஆதரித்தவர்கள்' என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அரிய பட்டியல்களில் ஒன்று.

இதிலிருந்து உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறோம். ஆதரவை எங்கே பார்ப்பது?

வாக்கெடுப்புப் பதிவில் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், நம் மசோதாக்களில் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்பவர்கள் சத்தம் போடுவார்கள், 'இல்லை' என்பவர்கள் சத்தம் போடுவார்கள், அவைத்தலைவர் 'ஆம் என்போர் வென்றனர்' என்று அறிவிப்பார். யார் என்ன சொன்னார் என்பதற்குப் பெயர்வாரியான பதிவு இருக்காது. ஒரு உறுப்பினர் எழுந்து டிவிஷன் கேட்டால், அதாவது எண்ணி ஓட்டெடுக்கச் சொன்னால்தான், பெயர்கள் பதிவாகும்.

இதன் கனம் 2020 செப்டம்பர் 20 அன்று புரிந்தது. மூன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு அன்று மாநிலங்களவைக்கு வந்தன. தேர்வுக்குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொடுத்திருந்தார்கள், டிவிஷனும் கேட்டார்கள். உறுப்பினர்கள் இடத்தில் இல்லை, அவையில் ஒழுங்கில்லை என்ற காரணத்தோடு குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். யார் சரி என்ற வாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. ஒரு வாக்காளராக எனக்கு இருக்கும் வருத்தம் வேறு: ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகளைத் தெருவில் உட்கார வைத்த சட்டங்கள் அவை. அவற்றை என் மாநிலத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று பெயர் சொல்லும் பட்டியல் மாநிலங்களவையில் இல்லை. 2021 நவம்பர் 29-ல் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்ற மசோதாவும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

டிவிஷன் நடந்த நாட்களை ஆகவே பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் நிறைவேற்றும்போது டிவிஷன் கட்டாயம். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2023 செப்டம்பர் 20-ல் மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவர் அசதுத்தீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று இன்றும் பெயரோடு சொல்ல முடிகிறது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவையில் 311-க்கு 80. 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதா 288-க்கு 232. இந்த எண்களுக்குப் பின்னால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அந்த நாளின் அவைக் குறிப்பில், விவாதத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கும்.

அந்தப் பட்டியலைப் படிப்பதிலும் ஒரு எச்சரிக்கை. 2024 டிசம்பர் 17-ல் ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவைத் தாக்கல் செய்ய டிவிஷன் நடந்தது. மின்னணுப் பலகையில் முதலில் 220-க்கு 149 என்று வந்தது. பொத்தானில் பதிவாகாதவர்கள், திருத்தச் சொன்னவர்கள் சீட்டு கொடுத்தபின் 269-க்கு 198 ஆனது. எனவே பலகையின் புகைப்படத்தில் உங்கள் எம்.பி. பெயர் இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அச்சான குறிப்பு வரும்வரை காத்திருங்கள். அப்புறம், பட்டியலில் பெயரே இல்லாதவர் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: ஊரிலேயே இல்லை, அவையில் இருந்தும் ஓட்டுப் போடவில்லை, வெளிநடப்பு செய்தார். வெளிநடப்பு என்பது எதிர்ப்பு என்று அவர் ஊரில் சொல்வார். எண்ணிக்கையில் அது எதிர்ப்பு ஓட்டாகச் சேராது. அரசியல் சட்டத் திருத்தத்தில் அதன் பலன் இன்னும் நுட்பமானது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும்; அதோடு, வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதுதான் கணக்கு. நூறு பேர் வெளியேறினால் அந்த மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவைப்படும் ஆதரவு எண்ணும் இறங்கிவிடும்.

இன்னொரு பெரிய விஷயம், கொறடா. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ ஒதுங்கி நின்றாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆக, அரசு மசோதாக்களில் ஒரு எம்.பி.யின் ஓட்டு அவர் கட்சியின் ஓட்டுதான். அதிலிருந்து அவர் மனதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்க உறுப்பினரையும் நம் எம்.பி.யையும் ஓட்டுப் பதிவை வைத்து ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் அந்த மனிதர் எங்கே தெரிவார்? என் அனுபவத்தில், திருத்தங்களில். ஒரு மசோதா வரும்போது, இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை மாற்றுங்கள், இந்தத் துணைப்பிரிவை நீக்குங்கள் என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுப்பார்கள். பிரிவு பிரிவாக எடுக்கும்போது, அவைத்தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி 'உங்கள் திருத்தத்தை முன்மொழிகிறீர்களா' என்று கேட்பார். முன்மொழிந்தால் அது ஓட்டுக்குப் போகும். தோற்றாலும் பதிவில் நிற்கும். எழுதிக் கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் இல்லாமல் போனவர்களும், 'முன்மொழியவில்லை' என்றவர்களும் அந்தக் குறிப்பிலேயே தெரிவார்கள். எந்த நாளிதழும் இதை எழுதுவதில்லை. எனக்கு ஒரு எம்.பி. மேல் மரியாதை வருவதும் போவதும் இந்தப் பக்கங்களைப் படித்துத்தான். திருத்தம் எழுத வேண்டுமானால் மசோதாவை முழுக்கப் படித்திருக்க வேண்டும். அதை மேடையில் நடிக்க முடியாது.

மசோதா தாக்கலையே எதிர்க்க மக்களவையின் 72-வது விதிப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். அவசரச் சட்டத்துக்குப் பதிலாக மசோதா வரும்போது, அந்த அவசரச் சட்டத்தை ஏற்க மறுக்கும் தீர்மானம் கொடுக்கலாம். இரண்டிலும் கொடுத்தவர்களின் பெயர் இருக்கும்.

அடுத்த இடம், குழு அறிக்கைகள். துறைவாரியான நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டம் மூடிய கதவுக்குள் நடந்தாலும், அறிக்கை வெளியே வரும்போது ஒவ்வொரு அமர்வுக்கும் யார் வந்தார்கள் என்ற பட்டியல் பின்னிணைப்பில் இருக்கும். முக்கியமாக, ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதிக் கொடுத்த மாற்றுக் கருத்துக் குறிப்பு இருக்கும். வக்பு மசோதாவுக்கான இரு அவைகளின் கூட்டுக்குழுவில் ஆ. ராசாவும் எம்.எம். அப்துல்லாவும் உறுப்பினர்களாக இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் அறிக்கை தாக்கலானபோது எதிர்க்கட்சியினரின் குறிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டதாகச் சர்ச்சை எழுந்து, பிறகு சேர்க்கப்பட்டன. அந்த மசோதாவை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அந்தக் குறிப்புகளைப் படிக்கலாம். டிவி விவாதத்தைவிட ஆயிரம் மடங்கு தெளிவு அதில் இருக்கிறது.

பேச்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உறுப்பினர் அவையில் தமிழில் பேசினால், மக்களவைக் குறிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அச்சாகும்; முதலில் தமிழில் பேசியது என்று அடிக்குறிப்பு போட்டிருப்பார்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே கேட்க வேண்டுமானால் சன்சத் டிவியின் பதிவைத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு ஆவணங்களும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருப்பது எனக்கு உண்மையாகவே மனவேதனை தருகிற விஷயம். எங்கள் தெருவில் தினமும் பேப்பர் படிக்கிற, அரசியல் பேசுகிற எத்தனையோ பெரியவர்களுக்கு, தங்கள் எம்.பி. எழுதிய மசோதாவைத் தமிழில் படிக்க வழியில்லை. உங்களைப் போன்ற பிள்ளைகள் ஒரு மசோதாவின் நோக்கக் குறிப்பை மட்டும் தமிழில் எழுதி, வாசகசாலையிலோ டீக்கடையிலோ நாலு பேருக்குக் காட்டினால்கூட அது பெரிய உபகாரம்.

பட்டியலில் பூஜ்யம் என்று இருப்பவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்கள் யார் என்று பாருங்கள். அமைச்சர் தனிநபர் மசோதா கொண்டுவர முடியாது, கேள்வி கேட்கவும் மாட்டார். பதில் சொல்வதுதான் அவர் வேலை. சபாநாயகரும் அப்படித்தான். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. இவர்களையெல்லாம் மற்றவர்களோடு சேர்த்து வரிசைப்படுத்திக் கடைசி இடம் கொடுக்கும் பட்டியல்கள் தேர்தல் நேரத்தில் சுற்றும். நம்ப வேண்டாம்.

கேள்விகளின் எண்ணிக்கையும் அதே ரகம். நாள் ஒன்றுக்கு மக்களவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் 230. ஒரே கேள்வியில் பல உறுப்பினர்களின் பெயர்கள் சேர்ந்திருக்கும். முந்நூறு கேள்வி கேட்டவர் என்றால் எதைப் பற்றி என்று பிரித்துப் பாருங்கள். தன் தொகுதியின் ஒரே ரயில்வே மேம்பாலத்தைப் பற்றி நான்கு கூட்டத்தொடரில் நான்கு முறை கேட்டவர் எனக்குப் பெரியவர்.

எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்காமல் இருக்க, நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் எனக்கு அக்கறையுள்ள இரண்டே மசோதாக்களைத் தேர்ந்தெடுப்பேன். ஒன்று அரசு மசோதா, ஒன்று தனிநபர் மசோதா. நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். தாக்கலான தேதி, குழுவுக்குப் போனதா, எங்கள் எம்.பி. பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா, முன்மொழிந்தாரா, டிவிஷன் நடந்ததா, பெயர் எந்தப் பக்கம் என்று எழுதுவேன். அன்றைய நிகழ்ச்சி நிரல் முந்தைய நாள் மாலையே இணையத்தில் வந்துவிடும். நடந்து முடிந்ததன் சுருக்கம் புல்லட்டின் முதல் பகுதியில் வரும். திருத்தப்படாத அவைக் குறிப்பு அதன்பின் சீக்கிரமே கிடைக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். எம்.பி.யைப் பின்தொடர்வதைவிட மசோதாவைப் பின்தொடர்வது சுலபம். மசோதாவின் பாதையில் எம்.பி. எங்கே நிற்கிறார் என்று தானாகத் தெரிந்துவிடும்.

நோட்டில் காலியாக நிற்கும் கட்டங்களுக்கு எம்.பி.க்கே எழுதிக் கேளுங்கள். பொதுவாக 'என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "ஐயா, இன்ன தேதியில் இன்ன மசோதாவின் இன்ன பிரிவுக்கு நீங்கள் ஒரு திருத்தம் கொடுத்திருந்தீர்கள். அவைக் குறிப்பில் அது முன்மொழியப்படவில்லை என்று இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நான் உங்கள் தொகுதி வாக்காளர்." தேதியும் பிரிவு எண்ணும் போட்டு, தொகுதி அலுவலகத்துக்கும் டெல்லி முகவரிக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் வாரத்தில் இரண்டாவதை அனுப்புங்கள்.